இருபத்து மூன்றாவது வில்லை

கருப்புசாமிக்கு மண்டி தர வேண்டிய கூலி நாற்பது ரூபாய் இருபத்தைந்து காசு. அதை வாங்கப் போன இடத்தில்தான் புருசனைப் போலீஸ் பிடித்துவிட்டது மயிலாத்தாளுக்குத் தெரிந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் அவள் மேட்டுப்பாளையம் கோர்ட்டு வாசலுக்கு வந்தாள். அங்கே தகரக் கொட்டகையின் கீழ் இரண்டு மேசைகள். ஒன்றில் ஓய்வுபெற்ற ஏட்டு மாரப்பன் மனு எழுதுவார். முப்பது வருடம் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்த்தவர். அடுத்த மேசையில் இஸ்மத் டைப் அடிப்பாள். மாரப்பனிடம் யாராவது வழக்கோடு வந்தால், இஸ்மத்தின் மிஷின் தானாக நின்றுபோகும்.

"ஏனுங்க ஏட்டையா, எங்க ஊட்டுக்காரரு திருடலீங்க" என்றாள் மயிலாத்தாள்.

"உக்காரு அம்மணி. எப்பப் புடிச்சாங்க, அதை மொதல்ல சொல்லு."

"அதுதானுங்க வழக்கே. அவங்க ஒண்ணு சொல்றாங்க, இவரு ஒண்ணு சொல்றாரு."

வேலம்பள்ளம் உருளைக்கிழங்கு மண்டியில் கருப்புசாமி சுமை தூக்குகிறவன். திங்கட்கிழமை இரவு அந்த ஊர்த் தோட்டம் ஒன்றில் கிணற்று மோட்டாரைக் கழற்றி, உள்ளே இருந்த செம்புக் கம்பியைத் திருடிவிட்டார்கள். புதன்கிழமை மாலை நாலு மணிக்குப் பஸ் ஸ்டாப்பில் சந்தேகப்படும்படி நின்ற கருப்புசாமியைக் கைது செய்தோம், குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்கிறது போலீஸ். வியாழக்கிழமை காலை நீதிபதி முன் நிறுத்திச் சப்-ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"இவரு என்ன சொல்றாரு?"

"நேத்து சப்-ஜெயில்ல போய்ப் பார்த்தேனுங்க. சனிக்கிழம சாயந்தரம் கூலி வாங்கறதுக்கு முன்னாடி டீ குடிக்கப் போனாராமுங்க. இடுப்புல மூட்டை இழுக்கற கொக்கி இருந்திருக்குது. இது எதுக்குடான்னு கேட்டு, அப்பவே கூட்டிட்டுப் போயிட்டாங்களாமுங்க."

"சனிக்கிழமையிலிருந்து ஆளைக் காணோம்னு நீங்க தேடவே இல்லையா?" என்று இஸ்மத் குறுக்கே கேட்டாள்.

"லாரி ஏறி ஊட்டிப் பக்கம் லோடுக்குப் போனா நாலஞ்சு நாளாகுமுங்க. அப்படித்தான்னு இருந்துபோட்டேன். போலீஸு ஒரு சொல்லுச் சொல்லி உட்டிருக்கலாமில்லீங்க?"

"சொல்லியிருக்கோணும். புடிச்சா ஊட்டுக்குச் சொல்லோணும், புடிச்ச நேரத்தை எழுதி ஒரு சாட்சி கையெழுத்து வாங்கோணும்னு போன டிசம்பர்லதான் சுப்ரீம் கோர்ட்டு அடிச்சுச் சொல்லுச்சு" என்றார் மாரப்பன். "இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள கோர்ட்டுக்குக் கொண்டாரோணுங்கறது அதுக்கும் முந்தின சட்டம். நீதிபதிகிட்ட உங்காளு இதைச் சொல்லலையா?"

"நீதிபதியம்மா கேட்டாங்களாமுங்க. இன்ஸ்பெக்டரு பக்கத்துலயே நின்னாராம். இவருக்கு வாயே வரலையாமுங்க."

அவள் முந்தானையில் முடிந்திருந்த தாளை எடுத்து நீட்டினாள். கைது செய்தபோது உடம்பைச் சோதித்து எடுத்த பொருள்களின் பட்டியல். அதில் ஒரு நகலைப் பிடிபட்டவனிடம் கொடுத்தாக வேண்டும். அதையாவது கொடுத்திருந்தார்கள். இஸ்மத் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள்.

"பீடிக்கட்டு ஒண்ணு. தீப்பெட்டி ஒண்ணு. இரும்புக் கொக்கி ஒண்ணு. நடுவில் முக்கோண ஓட்டை உள்ள வட்டத் தகரத் துண்டு இருபத்திரண்டு. இதென்ன, பஞ்சர் கடைச் சாமானா?"

"மண்டி வில்லைங்க" என்றாள் மயிலாத்தாள். "மூட்டைக்கு ஒண்ணு குடுப்பாங்க. சாயந்தரம் திருப்பிக் குடுத்தாத்தான் கூலி. வில்லை இல்லாம நயா பைசா குடுக்க மாட்டேன்னு நேத்து மண்டிக்காரம்மா சொல்லிப்போட்டாங்க."

மாரப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சனிக்கிழமை எத்தனை மூட்டை தூக்கினாரு?"

"ஒரு லாரிங்க. நூத்தி முப்பத்தெட்டு மூட்டை. ஆறு பேரு. ஆளுக்கு இருபத்திமூணு, மூட்டைக்கு ஒண்ணே முக்கா ரூபாய். கூடத் தூக்குனவங்க அஞ்சு பேரும் அதுதான் வாங்கியிருக்காங்க."

"பட்டியல்ல இருபத்திரண்டுதான் இருக்குது."

"போலீஸ்காரங்க எண்ணுனதுல ஒண்ணு விட்டுப்போயிருக்கும் ஏட்டையா" என்றாள் இஸ்மத்.

"ஓட்டை என்ன வடிவம்னு பார்த்து எழுதினவன் எண்ணிக்கையில விட மாட்டான். நல்ல எழுத்துக்காரன். மேசையைப் பூட்டு, வேலம்பள்ளம் போலாம்."

மண்டியில் உருளைக்கிழங்கு மண்ணின் ஈர வாசனை நிறைந்திருந்தது. கணக்கு பார்ப்பவர் முதலாளியின் தங்கை வெங்கடலட்சுமி. மேசைக்குப் பின்னால் ஆணியில் ஆறு டப்பாக்கள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி ஓட்டை போட்ட தகர வில்லைகள்.

"கிழமைக்கு ஒரு மாதிரியுங்க" என்றார் அவர். "முக்கோணம் சனிக்கிழமைக்கு. முன்னாடி எல்லா நாளைக்கும் ஒரே மாதிரிதான் வெச்சிருந்தோம். பழசைப் பதுக்கி வெச்சு நீட்டுனாங்க. இப்ப அன்னன்னிக்கு எண்ணிப்போடுவேன். குறைஞ்சா நோட்டுல ஏறிரும்."

"போன சனிக்கிழமை எத்தனை குறைஞ்சுதுங்க?"

"இருபத்திமூணு."

"இன்னிக்கு?"

வெங்கடலட்சுமி நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மயிலாத்தாளை ஒருமுறை பார்த்தார். "இருபத்திரண்டுங்க" என்றார்.

இஸ்மத் எழுந்தே விட்டாள். மாரப்பன் கையைக் காட்டி அவளை உட்கார வைத்தார்.

"அந்த ஒண்ணு எப்பிடிங்க வந்து சேர்ந்துச்சு?"

வெங்கடலட்சுமி நோட்டைத் திருப்பி அவர் முன் வைத்தார். திங்கட்கிழமைக் கணக்கில் இரண்டாவது வரி: 'காலை 9.15. சனி வில்லை ஒன்று வரவு. கொண்டுவந்தது போலீஸ்காரர், தோள் நம்பர் 1147. மீதி ஸ்டேஷனில் பொட்டலமாக இருப்பதாகச் சொன்னார். கூலி தரவில்லை.'

"கிழங்கு வாங்க வந்த பையனுங்க. இது எந்த நாட்டுக் காசுன்னு கேட்டுச் சிரிச்சுக்கிட்டே நீட்டுனான். மண்டிச் சொத்து, குடுங்கன்னு வாங்கிப் போட்டுட்டேன்."

"நேத்து நான் வந்து நின்னப்ப இதைச் சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்று மயிலாத்தாள் கேட்டாள்.

"போலீஸு சமாச்சாரம். நமக்கெதுக்குன்னு உட்டுப்போட்டேன் அம்மணி" என்று தலையைக் குனிந்துகொண்டார். பிறகு டிராயரைத் திறந்து நாற்பது ரூபாய் இருபத்தைந்து காசை எண்ணி மயிலாத்தாள் கையில் வைத்தார். "வில்லை எங்க இருக்குதுன்னுதான் தெரிஞ்சுபோச்சே. அது வாரப்ப வரட்டும்."

திரும்பி வந்ததும் இஸ்மத் மிஷினில் தாளைச் செருகினாள். ஆனால் அவளுக்குக் கை ஓடவில்லை, வாய்தான் ஓடியது.

"கேளுங்க ஏட்டையா. திங்கட்கிழமை காலையில வில்லை போலீஸ் கையில இருந்துச்சு. திருட்டு நடந்தது அன்னிக்கு ராத்திரி. புதன்கிழமை புடிச்ச ஆளோட பையில இருந்த சாமான் திங்கட்கிழமையே எப்பிடி ஸ்டேஷனுக்குப் போகும்?"

"சரி. நீ இப்ப போலீஸ் பக்கம் நின்னு பேசு."

இஸ்மத் யோசித்தாள். "கருப்புசாமி அந்த வில்லையை ரோட்டுல தவற விட்டிருக்கலாம். போலீஸ்காரர் கண்டெடுத்திருக்கலாம்."

"நல்ல கேள்வி. ஒண்ணைத் தவற விடலாம். ஆனா மீதி ஸ்டேஷன்ல பொட்டலமா இருக்குதுன்னு அவனே சொல்லியிருக்கான். அதே பொட்டலந்தான் புதன்கிழமை கருப்புசாமி பையிலிருந்து எடுத்ததா பட்டியல்ல வருது. இருபத்திமூணுல ஒண்ணு போனா இருபத்திரண்டு."

"நோட்டை இப்ப எழுதிட்டாங்கன்னு சொன்னா?"

"அந்தப் பக்கத்துக்கு அடியில பார்த்தியா? செவ்வாய்க்கிழமை காலையில மார்க்கெட் கமிட்டி ஆபீசரு தேதி போட்டுக் கையெழுத்து வெச்சிருக்காரு. மேல இருக்கற வரியெல்லாம் அதுக்கு முன்னாடி எழுதினது."

"அப்ப வேணும்னே பொய் வழக்குப் போட்டுட்டாங்க!"

"வேணும்னே ஆரம்பிச்சிருக்க மாட்டாங்க. கொக்கியோட ஒருத்தன் போனான், நிறுத்துனாங்க. நிறுத்தறது தப்பில்ல. விசாரிக்கலாம்னு உட்கார வெச்சாங்க. டயரியில எழுதல. எழுதாம வெச்ச ஆளுக்கு மணி ஓடாது அம்மணி. இருபத்திநாலு மணி நேரம் அவனுக்குத் தொடங்கவே தொடங்காது. திங்கட்கிழமை ராத்திரி திருட்டுப் போச்சு. தோட்டத்துக்காரரு வந்து சத்தம் போட்டாரு. திருடனைத் தேட ஜீப்புக்கு டீசல் வேணும், ஆள் வேணும். பின்னறையில ஒருத்தன் ஏற்கனவே உட்கார்ந்திருக்கான். பேரு மட்டும் எழுதினாப் போதும்."

"நேர்ல பார்த்த மாதிரி சொல்றீங்க."

மாரப்பன் பேனாவை மூடி மேசை மேல் வைத்தார். "முப்பது வருசம் நானுந்தான் எழுதினேன். இன்ஸ்பெக்டருங்க சொன்ன நேரத்தை எழுதினேன். எத்தனை பேருக்குன்னு எண்ணி வைக்கல. நீ அடி."

திங்கட்கிழமை ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தது. நீதிபதி நடுத்தர வயதுப் பெண்மணி. மாரப்பன் எழுதி, வக்கீல் ஒருவர் தாக்கல் செய்த மனுவை அவர் இரண்டு முறை படித்தார். மண்டி நோட்டையும் அதோடு வந்த முக்கோண வில்லையையும் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வாசலில் காவலுக்கு வந்திருந்த 1147-ஐக் கூப்பிடச் சொன்னார். மீசை சரியாக முளைக்காத பையன்.

"இந்த வில்லையைத் தெரியுமா?"

"தெரியுமுங்கம்மா."

"எங்கே இருந்து எடுத்தாய்?"

பையன் இன்ஸ்பெக்டர் ரவிக்குமாரைப் பார்த்தான். அவர் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைப் பார்த்துச் சொல்."

"எழுத்தர் மேசையில இருந்த பொட்டலத்துலங்கம்மா."

"இன்ஸ்பெக்டர், திங்கட்கிழமை இரவு இந்த ஆள் எங்கே இருந்தான்?"

ரவிக்குமார் கையிலிருந்த கோப்பைப் புரட்டினார். பதில் பையனிடமிருந்து வந்தது.

"ஸ்டேஷன் பின்னறையிலங்கம்மா. நாந்தான் சோறு வாங்கிக் குடுத்தேன்."

"செம்புக் கம்பி திருடு போன நேரத்தில் இவன் உங்கள் பூட்டுக்குள் இருந்திருக்கிறான்" என்றார் நீதிபதி. "இவனுக்கு உங்களைவிட நல்ல சாட்சி கிடையாது."

அன்றே கருப்புசாமியைச் சொந்த ஜாமீனில் விட்டார். சனி முதல் புதன் வரை நடந்ததற்கு மேலதிகாரி எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்றும் உத்தரவிட்டார். படியிறங்கும்போது ரவிக்குமார் மாரப்பன் அருகில் நின்றார்.

"பென்ஷன் கொடுக்கற டிபார்ட்மென்ட்டுக்கே குழி வெட்டறீங்களே ஏட்டு."

"குழியை மூடறேனுங்க சார். நான் வெட்டுனதும் அதுல கொஞ்சம் இருக்குது."

மூன்று வாரத்தில் போலீஸே அவன் மேல் இருந்த வழக்கைக் கைவிட்டது. எடுத்த பொருள்களை வந்து வாங்கிக்கொள்ளும்படி ஆள் அனுப்பினார்கள். கருப்புசாமிக்குத் தனியாகப் போகக் கால் வரவில்லை. மயிலாத்தாளும் மாரப்பனும் கூடப் போனார்கள்.

எழுத்தர் கொக்கியையும் பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் வில்லைப் பொட்டலத்தையும் மேசை மேல் வைத்தார். ஒரு தாளை நகர்த்தி, மை டப்பாவைத் திறந்தார்.

"இங்க ரேகை வை."

கருப்புசாமி கட்டைவிரலை மையில் ஒற்றினான். தாளுக்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினான்.

"தேதி போட்டிருக்குதுங்களா?"

"அதெல்லாம் அப்பறம் போட்டுக்கலாம். நீ வை."

"இல்லீங்க. போடுங்க. மணியையும் போடுங்க. நாங் காத்திருக்கறேன்."

உள் அறையில் ரவிக்குமார் தலையை நிமிர்த்திப் பார்த்தார். எழுத்தர் அவரைப் பார்த்தார். ரவிக்குமார் லேசாகத் தலையசைத்தார். எழுத்தர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார்.

கருப்புசாமிக்குப் படிக்கத் தெரியாது. மை ஈரத்தோடு விரலைத் தூக்கிப் பிடித்தபடி திரும்பினான். "ஏட்டையா, என்னன்னு போட்டிருக்காங்க?"

மாரப்பன் குனிந்து படித்தார். "இன்னிக்குத் தேதி. பகல் பதினொண்ணு இருபது."

கருப்புசாமி தானும் ஒருமுறை கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தான். பிறகு விரலை அழுத்தி வைத்தான்.