இல்லாத இதழின் ஆசிரியர்

அன்று மலையில் மழை பெய்ததாக மெர்லின் சொன்னாளா, நானாகச் சேர்த்துக்கொண்டேனா, தெரியவில்லை. மற்றதெல்லாம் ஓரளவு சரியாகவே நினைவிருப்பதாக நம்புகிறேன்.

தொலைநிலைச் செவிலியர் கல்லூரியின் நூலகர் மெர்லின். நாகர்கோவிலில் தன் வீட்டு மாடியறைதான் அவளுடைய நூலகம். பிற்பகல் மூன்று மணிக்கு உதவித் திரையில் இசக்கியம்மாள் வந்தாள். இறுதியாண்டு மாணவி, மலைத்தோட்ட மருத்துவமனையில் பயிற்சி. கண்களில் சான்றாடி.

சான்றாடி என்ற அந்தக் கண்ணாடி வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. யார் எதைச் சொன்னாலும் அதில் எழுத்தாகத் தெரியும். ஆதாரம் இருந்தால் கீழே பச்சைக்கோடு ஓடும், இல்லாவிட்டால் சிவப்பு. மருந்துப்பேழைகூடப் பச்சைக்குத்தான் திறக்கும்.

“மேடம், நாலு மாசக் கொளந்த. வலிப்பு நிக்கல. டாக்டரு வார வழியில மண்ணு சரிஞ்சு கெடக்கு. மருந்தளவு ரெண்டு விதமா காட்டுது. புதுக் கட்டுரையில பத்து மடங்கு. அதத்தான் ஊசியில ஏத்திருக்கேன். எதுக்கும் உங்ககிட்ட ஒருவாட்டி கேட்டுக்கிடுவோம்னு…”

மெர்லின் தலைப்பைப் பார்த்தாள். அவளே எழுதிய கட்டுரை.

தான் நடத்தும் சான்றுச் சோதனைப் பாடத்துக்காக ஒவ்வொரு பருவமும் ஒரு பொய்க் கட்டுரையை, இல்லாத ஓர் இதழின் பெயரில், பட்டியலுக்குள் நுழைப்பாள். யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்ப்பாள். பருவ முடிவில் நீக்கிவிடுவாள். இதையும் நீக்கியிருந்தாள். ஆனால் எண்ணூறு மாணவர்கள் ஏமாந்துபோய்த் தங்கள் ஒப்படைப்புகளில் அதை மேற்கோள் காட்டியிருந்தார்கள். மேற்கோள் முறையில் பிழையில்லை என்பதால் ஆளுக்கு அரை மதிப்பெண் போட்டிருந்தாள். மதிப்பெண் பெற்ற எதுவும் சான்றாடிக்கு ஆதாரம். அந்த எண்ணூறிலிருந்து அது கட்டுரையை மீட்டெடுத்துவிட்டது.

“போட்டிராத இசக்கி! அது பொய். நான் எழுதினது.”

“நீங்க சொல்லுததுக்குச் செவப்புல்லா ஓடுது.”

“ஓடட்டும். நான் சொல்லுகேன்லா?”

“யாரு சொன்னாலும் சான்று கேளு, புதுசையும் நெறையப் பேரு எடுத்துக்காட்டுனதையும் நம்புன்னு நீங்கதான மேடம் சொல்லிக் குடுத்திய? மொகத்தையும் கொரலையும் மாத்தி ஏமாத்துத காலம். நீங்க மேடம்தான்னு நான் எப்படி நம்ப?”

அந்தப் பக்கம் குழந்தையின் அழுகை நின்றிருந்தது. வலிப்பில் தொட்டில் கம்பி மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது. இருவரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். இசக்கியம்மாள் ஊசியை எடுத்தாள்.

ஒரு கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டுமானால் இதழின் ஆசிரியர் கையொப்பமிட வேண்டும். இல்லாத இதழுக்கு ஆசிரியர் ஏது? மெர்லின் திரும்பப் பெறும் படிவத்தைத் திறந்தாள். ‘எங்கள் இதழில் வெளிவந்த இக்கட்டுரை முற்றிலும் தவறானது. வருந்துகிறோம். முனைவர் திருமேனிநாதன், ஆசிரியர்.’ பெயர் விரலுக்கு வந்தபடி வந்தது.

பச்சை ஓடியது.

“ஆசிரியரே சொல்லிட்டாரே!” இசக்கியம்மாள் நீண்ட மூச்சு விட்டாள். “இத மொதல்லயே காட்டிருக்கலாம்லா மேடம்?” கையிலிருந்ததை வீசிவிட்டுப் பழைய அளவை ஏற்றினாள்.

குழந்தை பிழைத்தது, இப்போது பள்ளிக்கூடம் போகிறது. இசக்கியம்மாள் அதே மருத்துவமனையில் தலைமைச் செவிலி. பொய்க் கட்டுரை பாடத்திட்டத்தில் இருந்ததால் அதற்காக மெர்லினை யாரும் எதுவும் கேட்கவில்லை. போலிக் கையொப்பத்துக்காக வேலையிலிருந்து நீக்கினார்கள். ஆனால் தன் இதழின் தவறைத் தானே ஒப்புக்கொண்ட முனைவர் திருமேனிநாதனை முதலாண்டு மாணவர்கள் நேர்மைக்கு எடுத்துக்காட்டாகப் படிக்கிறார்கள். அவர் பெயருக்குக் கீழே இன்றும் பச்சைக்கோடுதான்.