நீர் ஏறிய சாடி

காலையில் பார்த்தபோது சாடிக்குள் நீர் உயர்ந்திருந்தது. தேவகுமாரி சாடி நின்ற பேசின் பாத்திரத்தைச் சுற்றித் தடவிப் பார்த்தாள், கசிவு இல்லை. கவிழ்த்து வைத்த கண்ணாடிச் சாடியின் உச்சியில் முந்தின மாலை நிரப்பிய வாயுவில் பாதியைக் காணவில்லை.

போரில் மண்ணெண்ணெய்த் தடை வந்த பிறகு மானிப்பாயில் விளக்கெரிக்க விஞ்ஞான ஆசிரியையான அவள் கண்ட வழி அது. கடலோரத்தில் தென்னைமட்டை ஊறும் குழிகளின் எரிவாயுக் குமிழிகளைப் புனலால் பிடித்துச் சைக்கிள் ரியூப்களில் அடைத்துக் கொண்டுவருவாள். கணவன் நேசராஜா போன படகு கிளாலிக் கடலில் மூழ்கிய இடத்திலும் குமிழி வருவதாகப் படகோட்டி சிமியோன் சொன்னதும், அந்த அடிச்சேற்றை அள்ளிவரச் செய்து பேசினில் பரப்பினாள். வாயு கூடும் என்று நினைத்தாள். குறைந்தது.

பழைய சஞ்சிகையொன்றில் படித்திருந்தாள். கடலடிச் சேற்றில் ஊறும் மெதேன் என்னும் இதே எரிவாயு மேலே வருமுன்பே மறைந்துவிடுகிறது. காற்றே இல்லாத இருட்டில் ஏதோ நுண்ணுயிர் அதைத் தின்கிறது. எது என்று எவரும் இன்னும் பார்த்ததில்லை. தின்ற இடத்தில் கூழ்முட்டை நாற்றமும் வெள்ளைச் சுண்ணக்கல்லும் மிஞ்சும். அதற்கு மாதக்கணக்கு வேண்டும். இது ஓர் இரவில் தின்றிருந்தது.

அதன்பின் அவள் விளக்கேற்றவில்லை. ரியூப் ரியூப்பாக அதற்கே ஊட்டினாள். பொழுதுபட, நாற்றம் திரைச்சீலைகளிலும் தலையணையிலும் படிய, தூரத்து ஷெல்லோசைகளின் இடைவெளியில், சாடிக்குள் நீர் ஏறுவது ஒரு நீண்ட இழுப்பும் அதைவிட நீண்ட நிறுத்தமுமாகக் கேட்கும். நேசராஜா அப்படித்தான் உறங்குவார். பயணத்துக்கு முன் அவருடைய கலியாண மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். சவர்க்காரம் போட்டும் அது கழலவில்லை.

சனி பின்னேரம் அவருடைய தங்கை பொன்மலர் வந்தாள். மறுநாள் நினைவாராதனை வைக்கப் போதகரிடம் பேசியாயிற்றாம். இவளுடைய ஒரு சொல்தான் பாக்கி.

“உந்த மணத்துக்கை தேத்தண்ணி என்னெண்டு மச்சாள் இறங்குது?” என்று மூக்கைப் பொத்தினாள். பிறகு குரல் தாழ்ந்தது. “ஒரு வருசமாச்சு. அண்ணை செத்திட்டார் எண்டு நீங்கள் ஒத்துக்கொண்டால்தானே நாங்களும் அழுது முடிக்கலாம்.”

தேவகுமாரி சாடிப்பக்கம் திரும்பினாள். சாடியில் நீர் ஏறுவது நின்றிருந்தது. அதுவும் கேட்டுக்கொண்டிருந்தது.

“செத்த ஆள் சாப்பிடுமே, மச்சாள்?”

பொன்மலர் சாடியைப் பார்த்தாள். குடையை மறந்துவிட்டுப் போனாள்.

ஒரே ஒரு ரியூப் மிஞ்சியிருந்தது. அதுவும் தொய்ந்து கிடந்தது. அவள் கையை நீருக்குள் விட்டு அதன் வாயைச் சாடிக்கடியில் பிடித்தாள். ஒரு குமிழி. பிறகு இல்லை.

சேறு அசைந்தது.

அவளுடைய மோதிர விரலைப் பற்றியது. நுனி. கணு. மோதிரம் வரை.

அவள் இழுக்கவில்லை.

விட்டது.

கையை வெளியே எடுத்தாள். கறுப்பாகச் சொட்டியது. விரலில் அவளுடைய மோதிரம். அதற்கு மேலே இன்னொன்று. வெள்ளைச் சுண்ணக்கல் படிந்து. தளர்வாக. இளஞ்சூடாக.