ஏழு பொட்டு லைட்

கல்லிடைக்குறிச்சி அக்ரஹாரத்து வீட்டில் ராஜலக்ஷ்மி சாமான்களை இறக்கி வைத்த அன்றைக்கே பின்கட்டில் பல்பு போயிற்று. புது பல்பு. மாட்டி சுவிட்சைப் போட்டாள். ஒரு மினுக்கு, 'டிக்'கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பழைய வயரிங், எலி கடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள்.

1998ஆம் வருஷம், புரட்டாசி மாதம். அவளுக்கு நாற்பது வயது. கணவன் இறந்துபோய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. கணவனின் தம்பி வைத்தீஸ்வரன் சாவியைக் கொடுக்கும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கொடுத்தார். வீட்டை விற்றுவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். அங்கேயே அப்பளம் போட்டுப் பிழைத்துக்கொள்கிறேன் என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில், தை பிறக்கும் வரை பார்ப்பது என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் தொழில் நடந்தால் வீடு அவளுக்கு. நடக்காவிட்டால் புரோக்கர் வருவார். அவளுக்குப் போக வேறு இடம் கிடையாது.

போகிற போக்கில் ஒரு புத்திமதியும் சொன்னார். காலையில் தெருவில் நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் எதிரே வந்தால் அவள் கொஞ்சம் உள்ளே ஒதுங்கிக்கொள்ள வேண்டுமாம்.  மறுநாள் காலை ராஜலக்ஷ்மி நெற்றியில் வழக்கமான கறுப்புச் சாந்துப் பொட்டை வைத்துக்கொண்டு, நட்டநடுத் தெருவில் நடந்து போய் உளுந்து வாங்கி வந்தாள்.

அக்ரஹாரத்து வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்கட்டிலும் இரண்டாம் கட்டிலும் முற்றம் திறந்து கிடப்பதால் ஐப்பசி மழையில் சாரல் அடிக்கும். அப்பளம் இடுவதற்கு நனையாத இடம் கடைசி அறை ஒன்றுதான். அதற்கு இருட்டு உள் என்றே பெயர். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், மேலே மச்சு, ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் கையை நீட்டினால் கை தெரியாது.

அங்கே எந்த விளக்கும் நிற்கவில்லை. பல்புகள் போயின. ட்யூப்லைட் ஒன்று முனை கறுத்துச் செத்தது. அகல் விளக்கு காற்றே இல்லாமல் சாய்ந்து குளிர்ந்தது. பக்கத்து ஊரான அம்பையிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் வயரையெல்லாம் தட்டிப் பார்த்து, கரண்டில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை மிதித்தான். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போனாள். வாசல் நிலையைத் தாண்டியதும் 'டிக்'. வெளியே வந்து பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே இருந்த இழை நடுவில் அறுந்திருந்தது. நகத்தால் கிள்ளிய மாதிரி அறுந்திருந்தது.

அப்பளம் இட வந்த பெண்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்; அவர்களில் ஹமீது பீவிதான் தைரியசாலி. அவள்கூட ஒரு நாள் அப்பளம் இடும் மணைக்கட்டையை இருட்டு உள்ளிலேயே போட்டுவிட்டு வெளியே வந்து நின்றாள். ராஜலக்ஷ்மியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"மாமி, கோவிச்சுக்கிடாதிய. உள்ள ஒரு பொம்பளக் குரல் கேக்குது. லைட்டை அணைன்னு சொல்லுது. நம்ம ஊர்ல யாரு மாமி அணைன்னு சொல்லுதா? அமத்துன்னுலா சொல்லுவோம்."

அது உண்மைதான். அமத்து என்பார்கள், குளிர வை என்பார்கள், மலையேத்து என்பார்கள். அணை என்ற சொல்லை எந்த வீட்டிலும் விளக்கைப் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்கு ஆகாது.  ஆனாலும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ராஜலக்ஷ்மிக்குத் தோன்றவே இல்லை. அறுபடாத லைட் ஒன்று வேண்டும் என்றுதான் தோன்றியது.

இப்படித்தான் அவள் பாளையங்கோட்டை டார்ச் லைட் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தாள்.

ஊருக்கு ஊர் சீட்டாடுகிறவர்கள் உண்டு, புறா வளர்க்கிறவர்கள் உண்டு. டார்ச் லைட்டுக்காகக் கூடுகிறவர்களைத் திருநெல்வேலியில்தான் பார்க்கலாம். கல்லூரியில் இயற்பியல் நடத்தும் மகேஸ்வரன், லாரி செட் வைத்திருக்கும் வன்னியராஜ், இன்னும் சில பேர். மூன்று கட்டை, ஐந்து கட்டை என்று பேட்டரியைக் கணக்குச் சொல்லி ஒருவர் லைட்டை ஒருவர் மட்டம் தட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் குறுக்குத்துறைக்குப் போய், யார் வெளிச்சம் ஆற்றைத் தாண்டி மறுகரைப் பனைமரத்தில் விழுகிறது என்று பந்தயம் கட்டுவார்கள். வீட்டில் அரிசி இருக்கிறதா என்று தெரியாது. பனைமரம் தெரிந்துவிட்டால் போதும், அன்றைக்குத் தூக்கம் வரும்.

அந்தக் கூட்டம் முழுவதும் அப்போது வாய் பிளந்து காத்திருந்தது பாக்கியசீலனுக்காக. மார்க்கெட் பக்கம் சின்னப் பட்டறையில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவன். எல்.ஈ.டி.யில் டார்ச் செய்யப் போகிறேன் என்று சொல்லியிருந்தான். எல்.ஈ.டி. என்றால் டேப் ரிக்கார்டரில் மினுங்கும் சிவப்புப் புள்ளி என்றுதான் அதுவரை எல்லோருக்கும் தெரியும். ஜப்பான்காரன் வெள்ளையிலேயே கொண்டுவந்துவிட்டானாம். சிங்கப்பூரிலிருக்கும் மைத்துனன் தீபாவளிக்கு வரும்போது எடுத்து வருவான். ஏழு புள்ளிகளை வட்டமாக வைத்துப் பித்தளைக் குழாயில் அடைக்க வேண்டியதுதான். மகேஸ்வரன் அதற்கு ஏழு பொட்டு லைட் என்று பெயரும் வைத்துவிட்டார். பிறக்காத பிள்ளைக்கு நடந்த பெயர்சூட்டு விழா அது.

கூட்டத்திலேயே அதிகம் துடித்தது ராஜலக்ஷ்மிதான். பாதி நாள் பட்டறைக்கு வந்து எட்டிப் பார்ப்பாள். மாமிக்கு நம்மைவிடப் பைத்தியம் முற்றிவிட்டது என்று வன்னியராஜ் கேலி செய்தார். அவள் வீட்டுச் சங்கதி அங்கே யாருக்கும் தெரியாது. பாக்கியசீலன் மட்டும் ஒரு நாள், எதற்காக இவ்வளவு அவசரம் என்று கேட்டான். அவள் பழைய பல்புகளை மேஜையில் வைத்தாள். அவன் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். 

"எல்.ஈ.டி.ல இழையே கிடையாது மாமி," என்றான் கடைசியில். "அந்து போறதுக்கு உள்ள ஒண்ணுமே இல்ல."

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அவள் தீபாவளி வரை உயிரைக் கையில் வைத்திருந்தாள்.

கார்த்திகை பிறந்த பிறகுதான் லைட் தயாரானது. குறுக்குத்துறையில் கூட்டம் கூடியது. ஆறு கலங்கிப் புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. பாக்கியசீலன் சுவிட்சைத் தள்ளினான். நிலா வெளிச்சத்தைவிட வெள்ளையாக, கொஞ்சம் நீலம் ஓடி, ஒரு வெளிச்சம் பூத்தது. எல்லோரும் ஆகா என்றார்கள். பிறகு பனைமரத்தைப் பார்த்தார்கள். பனைமரம் இருட்டிலேயே நின்றது. பாதி ஆறுகூடத் தாண்டவில்லை.

மகேஸ்வரனுக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. ஆற்றைத் தாண்டாத லைட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று கேட்டுவிட்டார். பாக்கியசீலன் முகம் விழுந்துவிட்டது. ராஜலக்ஷ்மிதான் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"எங்காத்துல எரிஞ்சாப் போறும். கொடுங்கோ."

"ஆத்துலயா?" என்றார் வன்னியராஜ். "தண்ணிக்குள்ளயா மாமி எரியணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆத்து என்றால் அவள் சொன்னது வீட்டை என்று பாக்கியசீலனுக்கு மட்டும் புரிந்தது. அவன் சிரிக்கவில்லை. லைட்டை அவள் கையில் வைத்து, பார்த்துப் போங்க என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் உச்சிவேளையில் ராஜலக்ஷ்மி இருட்டு உள்ளுக்குப் போனாள். ஹமீது பீவி இரண்டாம் கட்டில், முற்றத்து வெளிச்சத்தில் நின்றுகொண்டாள். ராஜலக்ஷ்மி பயந்தாளா என்று கேட்டால், பயந்தாள். பயந்தவள் போகக் கூடாது என்று எங்கே எழுதி வைத்திருக்கிறது?

நிலையைத் தாண்டினாள். காதைத் தீட்டிக்கொண்டு அந்த 'டிக்'குக்காக நின்றாள்.

சத்தம் வரவில்லை.

லைட் எரிந்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்த அறையை ஒரு கண் முழுதாகப் பார்த்தது. காரைச் சுவர். மூலையில் ஒரு மாடக்குழி, அதற்குமேல் சின்ன விளக்கின் புகைக் கறை. மாடக்குழிக்குக் கீழே சுவர் வழுவழுவென்று மினுங்கியது. ஒரு முதுகு வருஷக்கணக்காகச் சாய்ந்து சாய்ந்து தேய்ந்த மினுக்கம். அதற்குச் சற்று மேலே, ஒரு தலை அளவுக்கு வட்டமாக இன்னொரு மினுக்கம். முடி பட்டுத் தேய்ந்த எண்ணெய்க் கறை அங்கே இல்லை. அது மழித்த தலை.

அப்போதுதான் அவளுக்குக் கணவன் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. அவனுடைய தாத்தாவுக்கு ஓர் அக்கா இருந்தாளாம். விவரம் தெரியாத வயதில் தாலியறுத்து, தலையை மழித்து, இந்த அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பும் காலடி கேட்டால், முகத்தில் விழித்துவிடக் கூடாது என்று தன் விளக்கைத் தானே ஊதிவிடுவாளாம். கிழவியாகித்தான் செத்தாள். பெயர்கூட யாருக்கும் நினைவில்லை. மங்கலத்துக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்டவளுக்கு அமத்து என்கிற மங்கலமான சொல் எதற்கு?

ஈரத்துணி வாடை அடித்தது.

"அணை."

குரல் மூலையிலிருந்து வந்தது. ராஜலக்ஷ்மி அசையவில்லை. சுவிட்சின் மேலிருந்த அவள் கட்டைவிரலுக்கு மேலே, இன்னொரு விரல் வந்து படிந்தது.

கிணற்றுக் கயிறு மாதிரி ஈரமாக, சில்லென்று இருந்தது.

அது பைய சுவிட்சைப் பின்னால் தள்ளியது.

இருட்டு.

ராஜலக்ஷ்மி முன்னால் தள்ளினாள். வெளிச்சம். அறையில் யாரும் இல்லை. மூலையில், தரையில் மட்டும், இரண்டு ஈரப் பாதங்கள்.

விரல் மறுபடி தள்ளியது. இருட்டு.

அவள் மறுபடி தள்ளினாள். பாதங்கள் அறையின் நடுவுக்கு வந்திருந்தன.

இருட்டு.

வெளிச்சம்.

பாதங்கள் அவள் பாதங்களுக்கு எதிரே, விரலோடு விரல் தொட்டுக்கொண்டு நின்றன. அவற்றின் மேலே ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை வெளிச்சம். நெற்றிக்கு நேராக, சோறு தண்ணீர் காணாத வாயின் மூச்சு அடித்தது.

"அணைச்சுடுடீ," என்றது குரல். அதட்டலாக இல்லை. கெஞ்சியது. "எல்லாரும் பாத்துடுவா."

 ராஜலக்ஷ்மி கத்திவிட்டு ஓடியிருக்கலாம். வீட்டையும் வைத்தீஸ்வரனிடமே எறிந்துவிட்டு, எங்கேயாவது ஒரு மூலையில் ஒதுங்கிக்கொள்ளலாம். அந்த மூலை எப்படி இருக்கும் என்பதுதான் எதிரே, சுவரில், மினுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயத்தையும் மீறி ஒரு கோபம் வந்தது. அந்தக் கோபம் இந்தக் கிழவியின் மேல் இல்லை.

இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துச் சுவிட்சை அழுத்திப் பிடித்தாள். ஈர விரல் எதிர்த்துத் தள்ளியது. நகம் மடிந்து வலித்தது. விடவில்லை.

"பாக்கட்டும்," என்றாள் ராஜலக்ஷ்மி. "பாத்தா என்ன? என்னையும்தான் ஒதுங்கச் சொன்னா. நான் ஒதுங்கலை."

விரல் நின்றது. எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. வெகுநேரம் அப்படியே இருந்தது.

வெளியே வந்தபோது அவள் கட்டைவிரல் நகம் நீலம் பாரித்திருந்தது. ஹமீது பீவி அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே கேட்ட ரெண்டு குரல்ல எது நீங்கன்னு தெரியலை மாமி என்று அழுதாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராஜலக்ஷ்மி பட்டறைக்குப் போய், சுவிட்ச் இல்லாமல் ஒரு லைட் வேண்டும் என்றாள். பேட்டரிக் கட்டையைப் போட்டால் எரிய வேண்டும், அவ்வளவுதான். அமத்தாமல் எப்படி மாமி என்று மகேஸ்வரன் பாடம் எடுக்க ஆரம்பித்தார். அமத்த வேண்டாம் என்று அவள் சொன்ன தினுசில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். பாக்கியசீலன் மறுபேச்சுப் பேசாமல் செய்து கொடுத்தான். சுவிட்ச் இருக்க வேண்டிய இடத்தில் பித்தளை மொழுக்கென்று இருந்தது.

அதை மாடக்குழியில் வைத்தாள். அன்றுமுதல் அது எரிகிறது. பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். இருட்டு உள் முழுக்க மணைக்கட்டையும் குழவியும் சத்தம் போட்டன. அந்த மினுங்கும் சுவரில் மட்டும் யாரும் சாய்வதில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. தை பிறப்பதற்கு முன்னாலேயே வைத்தீஸ்வரன் புரோக்கரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இருட்டு உள்ளை எட்டிப் பார்த்தார். பத்துப் பெண்களும் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார்கள். அவர் பார்வை மட்டும் அந்த மூலையிலேயே ஒட்டிக்கொண்டது. கும்பிட வந்தவர் மாதிரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். வீட்டைப் பற்றி அப்புறம் பேச்சே எடுக்கவில்லை.

ஆனால் தினமும் காலையில் லைட்டை எடுத்துப் பார்த்தால் பித்தளையில் புதுக் கீறல்கள் இருக்கும். சுவிட்ச் இருக்க வேண்டிய இடத்தில், அதே இடத்தில், நகங்கள் தேடித் தேடிக் கீறிய கோடுகள். ராஜலக்ஷ்மி புளி போட்டுப் பளபளவென்று தேய்ப்பாள். புதுக் கட்டைகளைப் போட்டு, திரும்ப மாடத்தில் வைப்பாள். நீயா நானா பார்த்துவிடலாம் என்று வாய்விட்டே சொல்வாள்.

மாசி மாதம் ஒரு காலையில் கீறல் இல்லை.

அவள் லைட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். தலை சாய்ந்து தேய்ந்த அந்த வட்டத்தில், நெற்றி இருக்க வேண்டிய இடத்தில், கறுப்பாக ஒரு பொட்டு. தொட்டாள். விரலில் ஒட்டியது. முன்கட்டுக்குப் போய்க் கண்ணாடி மாடத்தைப் பார்த்தாள். அவளுடைய சாந்துச் சீசா திறந்து கிடந்தது.

அவள் பொட்டைத் துடைக்கவில்லை. அன்று வேலை முடிந்து பெண்கள் போனபின், சீசாவைத் திறந்தபடியே கொண்டுவந்து மாடக்குழியில் லைட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கதவைச் சாத்தி, வெளிப்பக்கம் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

விடிந்து பூட்டைத் திறந்தபோது லைட் எரிந்துகொண்டிருந்தது. சுவரில் பொட்டு ஈரமாக, புதிதாக இருந்தது. சாந்துச் சீசாவை யாரோ நன்றாகத் திருகி மூடி வைத்திருந்தார்கள்.