ரெண்டு தட்டு

அலறல் லாரியின் பின்பக்கமிருந்து வந்தது.

மணவாளன் பிரேக்கை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஆரணி பார்சல் ஷெட். 2002, ஆடி வெள்ளி. பின்சக்கரத்துக்கும் மேடைக்கும் நடுவே லோடுமேன் வேடியப்பன்... சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை கையிலேயே இருந்தது.

மணவாளனுக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. வீடென்று சொல்ல லாரி கேபின்தான். இருபது வருஷத்தில் அவனை 'சாப்ட்டியா' என்று கேட்ட ஒரே ஆள், பக்கக் கண்ணாடியில் தெரிகிற வேடியப்பன். இப்போது கண்ணாடியில் வெறும் சுவர் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் தேவநேசனிடம் அவன் எதையும் மறைக்கவில்லை.

"நான்தான் சார் கொன்னுட்டேன். லாரி பின்பலகையில ஒரு தட்டு தட்டினான், நிறுத்தினேன். அப்புறம் ரெண்டு தட்டு கேட்டாப்பல இருந்திச்சி... பின்னால வந்துட்டேன்."

காது ஏமாற்றிவிட்டதா? இருந்த ஒரே சிநேகிதனைத் தானே கொன்றுவிட்டோமா? ஜெயிலைவிட அதுதான் அவனை அரித்தது.

ஜீப்பில் ஏற்றப்போகும் நேரம். புக்கிங் கிளார்க் சந்திரமோகன் வலிய வந்தான். விடியுமுன்னே வந்தவாசி கிளைக்குப் போய், விபத்துக்குச் சற்று முன்புதான் மதிய பஸ்ஸில் திரும்பியவன்.

"நான் உள்ள பில் எழுதிகினு இருந்தேன் சார். வேடியப்பன் 'நிறுத்து, நிறுத்து'ன்னு தொண்டை கிழியக் கத்தினாரு. இந்தாளு காதுலயே வாங்கல."

மணவாளன் சட்டென்று நிமிர்ந்தான்.

சட்டைப் பையிலிருந்து ஒரு கசங்கிய சீட்டை எடுத்து நீட்டினான். காலையில் வேடியப்பன் எழுதிக் கொடுத்தது.

'இன்னைக்கு அம்மனுக்கு மௌன விரதம். எப்பவும்போல ரெண்டு தட்டு வா. ஒரு தட்டு நில். பட்டு மூட்டையைப் பிரிச்சுத் திருடுற ஆளை நேத்து கையும் களவுமாப் புடிச்சேன். யாருன்னு நாளைக்கு வாயால சொல்றேன்.'

"விடிஞ்சதுல இருந்து அவன் ஒரு வார்த்தை பேசல சார். டீ வேணும்னாகூட கையைத்தான் காட்டினான்."

சந்திரமோகனின் பார்வை தன் மேசைப் பக்கம் ஓடியது.

அவன் மேசை இழுப்பறையைத் திறந்தார்கள். உள்ளே பட்டு நூல் கண்டுகள்... வேடியப்பன் கட்டை வைக்கக் குனிந்த நேரம் பார்த்து லாரியை ரெண்டு தட்டு தட்டியது தான்தான் என்று பத்தே நிமிஷத்தில் ஒப்புக்கொண்டான்.

காது பொய் சொல்லவில்லை. இதைச் சொல்லி அழலாமென்றால், கேட்க வேண்டியவன் கோணிக்கு அடியில் கிடந்தான். மணவாளன் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து தனியாக அழுதான்.

தேவநேசன் விலங்கைச் சந்திரமோகன் கையில் மாட்டினார்.

"ஏம்ப்பா, நீயும் இன்னிக்கு மௌன விரதம் இருந்திருந்தா தப்பிச்சிருப்பியே!"