புதுவாயல் லாட்ஜில் ஏழாம் நம்பர் அறை

மத்தியானம் மூன்று மணிக்குக் கதவைத் திறந்த பிரின்சி அப்படியே நின்றாள். மழையில் தொப்பலாக நனைந்து, தோளில் பையோடு ஒருத்தன். அந்தக் கண்கள்... சே, என்ன கண்கள் அவை! தூக்கம் சொக்கும்போதும் சிரிப்பை மறைக்கத் தெரியாத கண்கள்.

“இது என் ரூமுங்க” என்றான்.

சுருக்கென்று கோபம் வந்தது அவளுக்கு. பழவேற்காட்டில் போன் போட்ட இடமெல்லாம் யானை விலை, குதிரை விலை. தேடித் தேடி மலிவாகப் பிடித்த லாட்ஜ் இது. காலை ஏழு மணிக்கே அம்மாவோடு வந்திறங்கியும் ஆயிற்று.

“ஒரு நாளைக்கு வாடகை கட்டிக்கீறோம்” என்றாள் விறைப்பாக.

“இங்க நாளுன்னா ஒரு ஷிப்டுங்க. நான் டூட்டிக்குப் போற நேரத்துக்கு ஓனரு ரூம வாடகைக்கு உட்டுக்கீறாரு. அதான் இவ்ளோ சீப்பு.”

சிப்காட்டில் நாலு வருஷமாக ஷிப்ட் பார்க்கிறவள், இதைக் கேட்காமல் விட்டாளே! கட்டிலுக்கடியில் பூட்டிய டிரங்குப் பெட்டி, கொடியில் நீலத் துண்டு... எவனோ மறந்துவிட்டுப் போனது என்றல்லவா நினைத்தாள். தப்பு தன்மேல்தான். ஆனால் ஒத்துக்கொள்ள ரோஷம் விட்டால்தானே? அவன் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள்.

உள்ளே அம்மா மெர்சி தூங்கிக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷம் கம்பெனி கேன்டீனில் விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்புப் பற்றவைத்தவள். முதன்முதலாக மகள் பழவேற்காடு ஏரி பார்க்கக் கூட்டி வந்திருக்கிறாள். மழை விடட்டும் என்று அம்மா தலையைச் சாய்த்தாள், அவ்வளவுதான். அந்தத் தூக்கத்தைக் கலைக்க பிரின்சிக்கு மனசு வரவில்லை.

அரைமணி கழித்து எட்டிப் பார்த்தால், அவன் படிக்கட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தான். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனாம், பெயர் குணாவாம். ஓனரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மனசு கரைந்துவிட்டது. நீலத் துண்டை எடுத்துப் போய் அவனிடம் நீட்டி, அம்மாவை எழுப்பிவிடுவதாகச் சொன்னாள்.

“வாணாங்க.” தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான். “அம்மா அசந்து தூங்கறத வாசல்லேர்ந்தே பாத்தேன். அதான் மறுபடி கதவ தட்டல...”

பிரின்சி ஒரு படி மேலே உட்கார்ந்தாள். அப்புறம் பேச்சு, பேச்சு... மழை விட்டதைக்கூட இருவரும் கவனிக்கவில்லை.

நாலரைக்கு மெர்சி எழுந்து வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இருட்டுவதற்குள் ஏரியைப் பார்த்துவிடலாமா என்று மட்டும் கேட்டாள்.

ஷேர் ஆட்டோ வரை குணா வந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊத்துக்கோட்டைக்கு வீட்டுக்குப் போய்விடுவானாம். அறை நாள் முழுக்கச் சும்மாதான் கிடக்குமாம். அம்மாவைக் கூட்டிவந்து நிம்மதியாகத் தூங்க வைக்கச் சொன்னான்.

ஆட்டோவில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள். வெட்கம் வரத்தான் செய்தது... அதற்காக வாயை மூடிக்கொள்கிற ரகமா அவள்?

“நீங்க இல்லாத ரூமுக்கு நான் இன்னாத்துக்கு வரணும்? எனக்கு உங்கள புடிச்சிருக்கு.”

குணா அவளைப் பார்த்தான். அந்தக் கண்களில் இப்போது துளித் தூக்கமில்லை.

“அப்போ ஊருக்குப் போவல” என்றான். “எனக்குந்தாங்க... புடிச்சிருக்கு.”