விரல் எடுக்காத சுரம்

கருப்பன் ஒரு கணம் அணைந்து மறுபடி உயிர் பெற்றான். ப்ளக் ஆடுகிறது போலிருக்கிறது என்று அவள் குனிந்து, அதை அழுத்திவிட்டு நிமிர்ந்தபோது, ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போனோடு மேசைமேல் கவிழ்ந்து கிடந்த மகளின் தலையும் மெல்ல நிமிர்ந்தது.

“ஏம்மா லைட்டை அணைச்ச?” என்றாள் சிட்டு. பாடகர் அறையின் மைக் வழியாக அவள் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

விளக்கு எதுவும் அணையவில்லை. அணைந்தது கருப்பன் மட்டும்தான்.

“தூங்கி வழியிறியா? மாமா வந்ததும் கிளம்பிடலாம்டா. படத்துக்குக் கலர் அடி.”

கருப்பன் என்பது அண்ணன் எங்கோ ஏலத்தில் எடுத்து வந்த பழைய சிந்தசைசர். சொந்தமாக ஒரு கீ கூட இல்லாத, ஒலியை மட்டும் உண்டாக்கும் இரும்புப் பெட்டி. மேசைமேல் இருக்கும் கீபோர்டிலிருந்து ஒரு கேபிள் அதற்குப் போகும். அந்தக் கேபிளில் ஓடுவது ஒலி அல்ல, வெறும் உத்தரவு. கீயை அழுத்தினால் ‘இந்தச் சுரத்தை ஆரம்பி’ என்று போகும். விரலை எடுத்தால் ‘நிறுத்து’. ஓரத்துச் சக்கரத்தை உருட்டினால் ‘சுருதியை ஏற்று’, ‘இறக்கு’. சொன்னதைச் செய்வதோடு சரி. நிறுத்து என்று சொல்லாத வரை, உலகமே அழிந்தாலும் அது நிறுத்தாது. அப்படி நிற்காமல் ஒலிக்கும் சுரத்துக்கு இந்தத் தொழிலில் தொங்கும் நோட்டு என்று பெயர்.

அண்ணனின் பாட்டுகளுக்கெல்லாம் கீபோர்டு வாசிப்பது அவள்தான். பெயர் போட்டுக்கொள்வது அவன். அதைக்கூட அவள் விழுங்கிக்கொண்டாள். ஆனால் வேண்டவே வேண்டாம் என்று அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்ட பிறகும், மருமகள் சிட்டுவுக்கு மிட்டாயைக் கொடுத்து மைக் முன்னால் நிறுத்தி, அவள் குரலைக் கருப்பனுக்குள் ஏற்றியிருந்தானே, அதைப் பொறுக்க முடியவில்லை. இன்று மதியம் அதற்குத்தான் இருவருக்கும் முட்டிக்கொண்டது.

“ஒரே ஒரு ‘ஆ’தானே எடுத்தேன். அவளோட சொத்தையா எழுதி வாங்கிட்டேன்?”

“என்னைக் கேட்டியா நீ?”

“மாமாங்கிற உரிமை கூட எனக்கு இல்லையா? போடி” என்று கதவை அறைந்துவிட்டு டீ குடிக்கப் போனவன் இன்னும் வரவில்லை.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். இந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரில் ஒட்டிய பஞ்சு எல்லாச் சத்தத்தையும் குடித்துவிட, மிஞ்சியது ஏசியின் முனகலும், சூடேறிய தூசியின் வாசமும், அதற்கு அடியில் எங்கிருந்தோ வந்த, பால் குடித்த குழந்தையின் வாய் போன்ற புளித்த வாசமும்தான். அவள் கருப்பனை முகர்ந்து பார்த்தாள். அதிலிருந்துதான் வந்தது.

கீபோர்டின் நடுவில் ஒரு வெள்ளைக் கீ தானாகக் கீழே இறங்கியது.

விழவில்லை. யாரோ ருசித்து ருசித்து அழுத்துவது போல மெல்ல இறங்கியது. கருப்பனின் பச்சை விளக்கு கண்ணடித்தது. ஸ்பீக்கரில் சிட்டுவின் ‘ஆ’ எழுந்தது. கண்ணாடிக்கு அப்பால் சிட்டு பென்சிலைக் கீழே போட்டுவிட்டு வாயைத் திறந்தாள்.

“ஏய், விளையாடாத.”

சிட்டு விளையாடவில்லை. தன் மேசையிலிருந்தே பாடகர் அறையின் மைக்கை அம்மா அடைத்தாள். ஸ்பீக்கரில் ஒலி குறையவில்லை, அது கருப்பனுடையது. கனத்த கதவுக்கு அந்தப் பக்கமிருந்தும் அதே ஒலி, இம்மி பிசகாமல், மெல்லியதாகக் கசிந்து வந்தது. அது மகளுடையது. நகத்தால் கீயைத் தூக்கினாள். ஒலி நின்றது. சிட்டுவின் வாய் பட்டென்று மூடிக்கொண்டது.



கீ மறுபடி இறங்கியது. இம்முறை தூக்க வரவில்லை. அடியில் யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல இறுகி நின்றது. ஓரத்துச் சக்கரம் உருண்டது. சுருதி ஏறியது. சிட்டுவின் தாடையும் ஏறியது. இன்னும் உருண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. பாடுகிறவர்கள் நடுவில் மூச்சு இழுக்க வேண்டும். சிட்டு இழுக்கவில்லை.

எந்தத் தாய்க்கும் கை அங்கேதான் போயிருக்கும். கேபிளைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

அதன் பிறகுதான் கீ மேலே வந்தது. நிதானமாக. சக்கரமும் பழைய இடத்துக்குத் திரும்பியது. விரலை எடுத்தாயிற்று. நிறுத்து என்ற உத்தரவு கிளம்பியும் ஆயிற்று. அது போய்ச் சேர வேண்டிய கேபிள் அவள் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒலி நிற்கவில்லை.

கேபிளைத் திரும்பச் செருகப் பார்த்தாள். பிடுங்கிய வேகத்தில் உள்ளே ஊசிகள் வளைந்திருந்தன. நுழையவில்லை. பெட்டியிலேயே இருந்த, எல்லாச் சுரத்தையும் நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். கருப்பன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கை அதன் சுவிட்சுக்குப் போனது.

ஏம்மா லைட்டை அணைச்ச?

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அப்போது கருப்பன் அணைந்தது ஒரு கணம்தான், அதற்கே சிட்டுவுக்கு எல்லாம் இருண்டிருந்தது. இப்போது அணைத்தால்?

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். கதவு பின்னால் மூடிக்கொண்டது. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். மகளை உலுக்கினாள். வாயைப் பொத்தினாள். உள்ளங்கை அதிர்ந்தது. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

“கண்ணு, அம்மாவைப் பாருடா. மூச்சு விடுடா.”

கண்கள் மட்டும் பார்த்தன.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் வந்து நின்றான். கையில் டீ கப். தொங்கும் நோட்டைக் கேட்டு முகம் சுளித்தான். கீழே கிடந்த கேபிளைப் பார்த்தான். வயரைப் பிடுங்கினியா என்று உதடு அசைந்தது. எத்தனை தடவை சொல்லியிருப்பான், கேபிளில் கை வைக்காதே, சுவிட்சை அணை, ஒரு நொடி வேலை என்று.

கதவுக்கு ஓட நேரமில்லை. அவள் கத்தினாள். மைக் அடைத்திருந்தது. அடைத்தவள் அவள்தான். இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தாள். வேண்டாம். அண்ணா. வேண்டாம்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். பொறு, பொறு என்று தலையாட்டினான். மதியச் சண்டையை மறந்துவிட்டதுபோல் சிரிக்கக்கூடச் செய்தான். பிறகு கப்பைக் கீழே வைத்துவிட்டு, கருப்பனின் சுவிட்சின்மேல் விரலை வைத்தான்.

சிட்டுவின் கண்கள் அம்மாவை விட்டு நகர்ந்து, அந்த விரலைப் பார்த்தன.