முதலில் சொன்னவர்

"மூன்று," என்றது மூலமானி.

நூற்றுக்கு மூன்று. அங்கயற்கண்ணி கட்டுரையின் முக்கிய வாக்கியத்தை இன்னொரு முறை வாசித்தாள். ஏதோ அதற்குக் காது மந்தம் என்பதுபோல, நிறுத்தி நிதானமாக. மூலமானி அசரவில்லை. மறுபடியும் மூன்றுதான்.

பிளாரன்ஸ் நகருக்கு வெளியே, குன்றின் மேல் இருந்த அந்த மாளிகையை மறுமலர்ச்சிக் காலத்தில் ஒரு பட்டு வியாபாரி கட்டினான். இப்போது அது டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்டென்போர்க் ஆய்வு நிறுவனத்தின் கையில் இருந்தது. பல நாட்டு அறிஞர்கள் அங்கேயே தங்கி, ஓவியம் தீட்டிய கூரைகளுக்குக் கீழே உட்கார்ந்து, அந்த ஓவியங்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தார்கள். மதுரையிலிருந்து போன ஒரே ஆள் அங்கயற்கண்ணி. அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் அங்கே அவள் வெறும் 'அங்கா'.

எல்லார் மேசையிலும் எலுமிச்சம்பழ அளவில் ஒரு மூலமானி இருந்தது. ஒரு வாக்கியத்தைச் சொன்னால், இதற்குமுன் அதை யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடிப்பார்த்து முதற்புள்ளி போடும். யாரும் சொல்லவில்லை என்றால் மேசைக்கு உரியவர் பெயரில் பதிந்துகொள்ளும். அன்றிலிருந்து அந்த வாக்கியம் அவர் சொத்து. திருட்டுக் கட்டுரைகளைப் பிடிக்கத்தான் இதைச் செய்தார்கள். பிறகு கோர்ட்டுக்கு வந்தது, கட்சி மேடைக்கு வந்தது, பெண் பார்க்கப் போகிற வீட்டுக்கும் வந்துவிட்டது. 'உன்னைக் காதலிக்கிறேன்' என்று சொன்ன பையன்கள் பூஜ்யம் வாங்கித் திரும்பினார்கள்.

நிறுவனத்தின் விதி எளியது. நாற்பதுக்குக் கீழே வாங்கிய கட்டுரை அச்சேறாது, எழுதியவர் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அங்கயற்கண்ணிக்கு மூட்டை கட்டுவதில் பயமில்லை. அவள் கவலை நென்சாவைப் பற்றியது. மாளிகையின் பழைய எலுமிச்சைக் கிடங்கில், இப்போது அவள் வேலை செய்யும் அறையில், கூரை முழுக்கக் கிளைகளும் குருவிகளும் வரையப்பட்டிருந்தன. மூலையில் 'பெர்த்தோல்தோ' என்று கையெழுத்து. தூரிகை போன திசையை வருடக்கணக்கில் ஆராய்ந்து, அதை வரைந்தது இடது கைக்காரர் என்று அவள் நிரூபித்திருந்தாள். பெர்த்தோல்தோ வலது கைக்காரன். அவன் மனைவி நென்சாதான் இடது கை. அந்தப் பெயரை உலகத்துக்குச் சொல்லாமல் குன்றைவிட்டு இறங்கக் கூடாது என்று அங்கயற்கண்ணி வைராக்கியமாக இருந்தாள்.

ஆனால் எந்தக் காலத்திலோ ஒரு சுற்றுலா வழிகாட்டி நூலில் எவனோ 'மனைவி வரைந்ததாகவும் இருக்கலாம்' என்று போகிறபோக்கில் எழுதித் தொலைத்திருந்தான். மூலமானி அதைப் பிடித்துக்கொண்டது.

"அவர் ஊகித்தார். நான் நிரூபித்திருக்கிறேன்," என்று இயக்குநர் கிர்ஸ்தன் ஓல்சனிடம் வாதாடினாள்.

"நிரூபிப்பதற்குப் புள்ளி கிடையாது, அங்கா. முதலில் சொல்வதற்குத்தான் புள்ளி," என்றார் அவர். நல்ல மனுஷிதான். விதியை அவரா எழுதினார்?

பக்கத்து அறை மத்தேயோ மட்டும் நிம்மதியாக இருந்தார். மாளிகையின் அகலமான படிக்கட்டு ஒட்டகம் ஏறுவதற்காகக் கட்டப்பட்டது என்று எழுதி எண்பத்தெட்டு வாங்கியிருந்தார். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் சரியானதையெல்லாம் முன்னோர்கள் சொல்லித் தீர்த்துவிட்டார்கள், மிச்சமிருப்பது தப்பு மட்டும்தானே என்று கேட்டார். அங்கயற்கண்ணிக்கு அப்படி எழுத மனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் அவள் மதுரையில் இருந்த அம்மா முத்துப்பேச்சிக்குப் போன் போட்டு அழுதாள்.

"எதுக்குடி இப்ப மூக்கச் சிந்துற? வரைஞ்சது பொம்பள, பேரு போட்டுக்கிட்டது புருசங்காரன். அம்புட்டுத்தான?"

"அம்புட்டுத்தாம்மா. ஆனா மிஷின் ஒத்துக்க மாட்டேங்குது."

"அடுப்புல வெந்து சாகுறவ ஒருத்தி, பந்தியில மீசைய முறுக்குறவன் ஒருத்தன்! இத ஒரு மிசினு வந்துதேன் சொல்லணுமாக்கும்? போடி போக்கத்தவளே!"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மேசைமேல் இருந்த மூலமானி யாரும் கேட்காமலே வாயைத் திறந்தது.

"தொண்ணூற்றாறு."

அங்கயற்கண்ணி அழுகையை நிறுத்திவிட்டு அதை முறைத்துப் பார்த்தாள். பிறகுதான் விளங்கியது. மூலமானி அந்தந்த மொழிக்குள் மட்டும்தான் தேடும். எல்லா மொழிகளையும் மொழிபெயர்த்து ஒப்பிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் ஐந்து புள்ளி தேறாது என்று அதைச் செய்தவர்களுக்கே தெரியும். தமிழில் அதற்கு ஊட்டியிருந்தது சில பாடநூல்களும் வானிலை அறிக்கைகளும்தான். முத்துப்பேச்சி பேசும் தமிழை அது ஜென்மத்தில் கேட்டதில்லை.

வாக்கியம் தன் பெயரில் பதிவானதை அங்கயற்கண்ணி கவனித்தாள். அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும் என்று நினைத்தாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

கட்டுரையை அம்மாவின் பேச்சிலேயே மறுபடி எழுதினாள். தொண்ணூற்று நான்கு. நென்சாவின் பெயர் உலகமெல்லாம் அச்சேறியது. அன்று அவள் கூரையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

மற்ற அறிஞர்கள் சும்மா இருப்பார்களா? ஒரே வாரத்தில் மாளிகையில் தமிழ் வகுப்பு தொடங்கியது. முத்துப்பேச்சியின் போன் பேச்சுகளே பாடம். மத்தேயோ ஒட்டகத்தைக் கைவிட்டு, படிக்கட்டைப் பற்றிய உண்மையைத் தமிழில் எழுதித் தொண்ணூறு வாங்கினார். ஓல்சன் அம்மையார் காலையில் தோட்டத்தில் எதிர்ப்பட்டால் "என்னடி, சாப்ட்டியா?" என்றார். ஒரு வாக்கியத்தைப் போட்டால் அதை ஆயிரம் விதமாகத் திருப்பிச் சொல்லும் சொல்பெருக்கி ஒன்றையும் நிறுவனம் வாங்கியது. அங்கயற்கண்ணி அம்மாவின் பேச்சு முழுவதையும் அதில் கொட்டினாள். அது இரவும் பகலும் முனகிக்கொண்டே எல்லாவற்றையும் அவள் பெயரில் பதிந்தது. யாருக்கும் அதில் நஷ்டம் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

மழை பொய்த்த ஒரு மாதத்தில் அம்மாவே கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

"தெருவுல தண்ணி வரலன்னு மனுக் குடுக்கப் போனேன்டி. அங்கயும் ஒன் எலுமிச்சம்பழத்த வச்சிருக்காய்ங்க. ஒரே மனுவ நூறு பேரு காப்பியடிக்கிறாய்ங்களாம், அதப் புடிக்க. கொழாயத் தொறந்தா காத்துதேன் வருது, அதையா புள்ளைகளுக்கு ஊத்துறதுன்னு கேட்டேன். பூச்சியமாம்."

"அம்மா..."

"மூலம், அங்கயற்கண்ணி, பிளாரன்சுன்னு சத்தமாச் சொல்லுச்சு. அடுத்தவுக பேச்சக் களவாண்டு வந்தா மனு செல்லாதாம். தெருவே பாத்துச் சிரிக்குது. ஒனக்கு வாய் பேசக் கத்துக்குடுத்ததே நான்தேன்டி!"

அங்கயற்கண்ணிக்கு முகம் செத்துப்போனது. தலைக்கு மேலே நென்சாவின் குருவிகள். பெர்த்தோல்தோவாவது ஒரு கூரையில்தான் கையெழுத்துப் போட்டான். அவள் தன் அம்மாவின் வாய் முழுவதிலும் போட்டிருந்தாள். 

இயக்குநர் அறைக்கு ஓடினாள். எல்லாப் பதிவையும் அம்மா பெயருக்கு மாற்றுங்கள் என்றாள்.

"அம்மா ஒனக்கு முன்னாடியே சொன்னதுக்கு எங்கயாச்சும் பதிவு இருக்கா?" என்று சுத்த மதுரைத் தமிழில் கேட்டார் ஓல்சன்.

"என்னைப் பெத்ததே அவங்கதான்!"

"அதெல்லாம் பதிவாகாதுடி. ஒன் பேர எடுத்தா ஒன் கட்டுரையும் செல்லாது. நென்சாவும் போயிருவா, பாத்துக்க."

"போகட்டும், எடுங்க," என்றாள் அங்கயற்கண்ணி. பதிவை அழித்தார்கள். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அவள் பெயர் போன இடத்தில், சொல்பெருக்கியின் சொந்தக்காரர் என்ற முறையில், நிறுவனத்தின் பெயர் தானாக வந்து உட்கார்ந்தது. முத்துப்பேச்சிக்குப் பழைய பூஜ்யமே மிஞ்சியது.

பிறகு அம்மாவிடமிருந்து போனே இல்லை. அங்கயற்கண்ணி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த நாளில் பக்கத்து வீட்டு சரோஜாபாய் கூப்பிட்டார். வீட்டுக்குள் சௌராஷ்டிர பாஷை பேசும் குடும்பம் அது. அங்கயற்கண்ணி அடுக்கியபடியே போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"தெருவுக்குத் தண்ணி லாரி வந்துருச்சும்மா! ஒங்கம்மா எங்கிட்ட எங்க பாஷையக் கத்துக்கிட்டு அதுலயே மனுக் குடுத்துட்டாங்க. ஆபீஸ்ல ஒருத்தருக்கும் புரியல, புள்ளியப் பாத்துட்டு வாங்கிக்கிட்டாங்க. இனிமே தமிழே பேச மாட்டேன்னு ஒரே பிடிவாதம். இந்தா, ஒங்கம்மாட்ட குடுக்குறேன்."

"அம்மா, நல்லா இருக்கியாம்மா?"

அம்மா நீளமாக என்னவோ சொன்னாள். குரல் அம்மாவுடையதுதான், ஏற்ற இறக்கமும் அதேதான். ஒரு சொல் விளங்கவில்லை. திட்டுகிறாளா, சாப்பிட்டாயா என்று கேட்கிறாளா, எப்போது வருகிறாய் என்கிறாளா?

"தமிழ்ல சொல்லும்மா. ஒரே ஒரு தடவை."

அம்மா அதே பாஷையில், மெல்ல, இன்னொரு வாக்கியம் சொன்னாள்.

"தொண்ணூற்றொன்பது," என்றது மேசைமேல் இருந்த மூலமானி. அந்த வாக்கியத்தையும் அவள் பெயரிலேயே பதிந்துகொண்டது.

கதவருகே காலடிச் சத்தம். மத்தேயோவும் அவருக்குப் பின்னால் இன்னும் சிலரும் எட்டிப்பார்த்தார்கள். ஓல்சன் அம்மையார் எல்லாரையும் விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கண்கள் பளபளத்தன.

"ஆத்தி! இது என்ன பாஷைடி? வைக்காத, வைக்காத. அம்மாவ இன்னும் கொஞ்சம் பேசச் சொல்லு."

அங்கயற்கண்ணி போனை வைத்துவிட்டாள். உடனே மதுரையிலிருந்து மணி அடித்தது. நின்று, மறுபடி அடித்தது. அவள் எடுக்கவே இல்லை.